கள்வனுக்குச் சொல்லும் பொய்: இணைய விளையாட்டில் எதிர்வஞ்சனையின் அறம்

1

பொய்யுரைத்தல் எப்போதாவது தகுமா என்பது அறவியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. பழைய வினாவொன்று புதியதொரு சூழலில் எழுப்பப்படும்போது, அதற்கு முன்னையோர் கூறிச்சென்ற விடைகளின் வலிமையும் குறைபாடும் ஒருங்கே புலப்படுகின்றன. இணைய விளையாட்டுகளில் நிகழும் கணக்குத் திருட்டும், அத்திருடரை ஏமாற்றுவதற்கு விளையாடுவோர் கையாளும் எதிர்வஞ்சனையும் அத்தகைய புதிய சூழலாகும். திருட வந்தவனை ஏமாற்றலாமா என்று கேட்டால், பொதுப்புத்தி தயக்கமின்றி விடை பகரும்: தாராளமாக ஏமாற்றலாம், அவன் அதற்கே உரியவன். இவ்விடையின் பின்பாதி பிழையானது என்பதையும், முன்பாதி ஓரெல்லைக்கு உட்பட்டே உண்மையாகும் என்பதையும் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கம்.

விளையாட்டிற் பறிபோவது வெறுங் கற்பனைப் பொருள். அதன்பொருட்டு அறவியலை அழைக்க வேண்டியதில்லை என்பார் உளர். இவ்வாதத்தை நீதிமன்றமொன்று ஏலவே ஆராய்ந்து தள்ளியுள்ளது. 2007இல் நெதர்லாந்திற் பதின்பருவத்தினர் இருவர் 13 வயதுச் சிறுவனொருவனை அடித்தும் அச்சுறுத்தியும், ‘ரூன்ஸ்கேப்’ என்னும் விளையாட்டில் அவன் ஈட்டியிருந்த தாயத்தொன்றையும் முகமூடியொன்றையும் தமது கணக்குக்கு மாற்றிக்கொண்டனர். கணினித்திரையில் மட்டுமே காணப்படும் பொருளைத் திருடல் இயலாது என்பது எதிரிகள் தரப்பு வாதம். 2012 ஜனவரியில் அந்நாட்டின் உயர்நீதிமன்றம் இதனை ஏற்க மறுத்தது. அப்பொருள்களைப் பெறுவதற்குச் சிறுவன் நேரத்தையும் உழைப்பையும் செலவிட்டிருந்தான்; அவை அவனது ஆட்சியில் இருந்தன; அவ்வாட்சியை அவன் இழந்தான்; ஆகவே நிகழ்ந்தது திருட்டே என்பது தீர்ப்பு. மின்சாரத்தையும் திருடலாம் என 1921இல் அதே நீதிமன்றம் வழங்கியிருந்த தீர்ப்பு இதற்கு முன்னோடியாக அமைந்தது. பொருள் கண்ணுக்குப் புலனாகாதது என்பதால் இழப்புப் பொய்யாகிவிடாது.

இழப்பின் பரப்பும் சிறிதன்று. ‘ஸ்டீம்’ என்னும் விளையாட்டு விற்பனைத் தளத்தை நடாத்தும் வால்வ் நிறுவனம், மாதந்தோறும் ஏறத்தாழ 77,000 கணக்குகள் கைப்பற்றப்பட்டுச் சூறையாடப்படுவதாக 2015 டிசம்பரில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஒரு சிறு நகரின் குடித்தொகைக்கு நிகரான தொகையினர் மாதந்தோறும் களவு கொடுத்தனர் என்பதே இதன் பொருள்.

மேலே செல்லுமுன் ஒரு வேறுபாட்டை வரையறுத்தல் அவசியம். விளையாட்டுக்குள் நிகழும் வஞ்சனை வேறு. விளையாட்டின் மீது நிகழும் வஞ்சனை வேறு. 2003இல் தொடங்கிய ‘ஈவ் ஒன்லைன்’ என்னும் விளையாட்டில் ஒற்றாடலும் காட்டிக்கொடுத்தலும் பெரும்பாலும் விதிகளுக்கு உட்பட்டவை. 2005இல் அதில் ஒரு குழுவினர் மாதக்கணக்காகப் பகைக் குழுவினுள் ஊடுருவி, அதன் தலைமையைக் கவிழ்த்துச் செல்வத்தைக் கவர்ந்தமை பெரும் புகழ் பெற்ற நிகழ்வாகும். சதுரங்கத்திற் காய் வெட்டப்பட்டவன் திருட்டு எனக் கூக்குரலிடுவதில்லை. அவ்வாறே அங்கும் தோற்றவர் விளையாட்டின் விதியை அறிந்தே புகுந்தவர். ஆனால் அதே விளையாட்டிலும் பிறனது கடவுச்சொல்லைக் கவர்தல் குற்றமே. அங்கு கவரப்படுவது ஆட்டக்காய் அன்று. ஆடுவோனின் பெயரும் இடமும் ஆகும். இக்கட்டுரை கருத்திற் கொள்வது இவ்விரண்டாம் வகையையே.

2

கணக்குத் திருடரின் உத்திகள் பெரும்பாலும் கணினிப் புலமை சார்ந்தவையல்ல, நம்பிக்கை சார்ந்தவை. விளையாட்டு நிறுவனத்தின் அலுவலர் போலப் பேசுதல், மெய்யான நுழைவுப்பக்கத்தைப் போன்ற போலிப்பக்கத்துக்கு வழிகாட்டுதல் என்பன நன்கறியப்பட்டவை. கடவுச்சொல்லை உரையாடலில் எழுதினால் விளையாட்டுத் தானாகவே அதனை உடுக்குறிகளால் மறைத்துவிடும் எனக் கூறி, சிறுவரை எழுதிப்பார்க்கத் தூண்டுதல் மிகப் பழைய உத்தி. பிற்காலத்துக்குரிய உத்தி இன்னும் நுட்பமானது. நண்பனின் கணக்கிலிருந்து ஒரு செய்தி வரும்: “தவறுதலாக உன் கணக்கின் மீது முறைப்பாடு செய்துவிட்டேன், உடனே இந்த அலுவலரோடு பேசாவிட்டால் கணக்கை முடக்கிவிடுவார்கள்.” நண்பனின் கணக்கு ஏலவே களவுபோயிற்று என்பதையும், ‘அலுவலர்’ அக்கள்வனின் மறுவேடம் என்பதையும் செய்தியைப் பெறுபவன் அறியான்.

இவற்றை இனங்கண்டுகொண்டவர்கள் திருப்பிச் சொல்லும் பொய்களை மூவகைப்படுத்தலாம். முதலாவது காப்புப் பொய்: கேட்டவனுக்குத் தவறான கடவுச்சொல்லைக் கொடுத்தல், தன்னிடம் பெறுமதியான பொருள் எதுவுமில்லை எனக் கூறுதல் போன்றவை. இரண்டாவது பொறிப் பொய்: ஏமாந்தவன் போல் நடித்துக் கள்வனை நெடுநேரம் பேசவைத்து, அவன் பயன்படுத்தும் போலிப்பக்கம், கணக்குப் பெயர் முதலிய சான்றுகளைத் திரட்டி உரியவரிடம் ஒப்படைத்தல். மூன்றாவது பழிப் பொய்: கள்வனின் உடைமைகளைத் தந்திரமாகக் கவர்தல், தீங்கு விளைக்கும் கோப்பொன்றை அவனது கணினிக்கு அனுப்புதல், அவனை நாட்கணக்கில் அலைக்கழித்து அவமானப்படுத்தி அக்காட்சியைப் பதிவுசெய்து பலருக்குக் காட்டி மகிழ்தல்.

பொதுப்புத்தி இம்மூன்றையும் ஒன்றாகவே நோக்குகின்றது. மூன்றிலும் ஏமாற்றப்படுபவன் கள்வன் என்பதே அதற்குப் போதுமான நியாயமாகப்படுகின்றது. இந்நியாயம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதே கேள்வி.

3

இவ்வினா தொடர்பில் அடிக்கடி எடுத்தாளப்படுவது இம்மானுவேல் கான்ற் 1797இல் எழுதிய சிறு கட்டுரையாகும். நண்பனொருவன் வீட்டினுள் ஒளிந்திருக்க, அவனைக் கொல்ல வந்தவன் வாயிலில் நின்று வினவினாலும் பொய்யுரைத்தல் தகாது என அதில் அவர் வாதிட்டார். பிறர்க்குத் தீங்கு செய்யும் உண்மையைப் பெறும் உரிமை எவருக்கும் இல்லை என்ற பெஞ்சமின் கொன்ஸ்ரனின் கருத்துக்கு மறுப்பாக எழுந்தது அக்கட்டுரை. அதனை மட்டும் படித்தோர், கள்வனுக்குத் தவறான கடவுச்சொல்லைக் கொடுத்தலும் கான்றின் நோக்கிற் குற்றமே என முடிவு கட்டிவிடுவர்.

ஆனால் மாணவர் குறிப்புகளாக எஞ்சியுள்ள அவரது அறவியல் விரிவுரைகளைச் சேர்த்து நோக்கும்போது நிலைமை வேறுபடுகின்றது. பகைவனொருவன் கழுத்தைப் பிடித்துப் பணம் எங்கேயுள்ளது எனக் கேட்டால், உண்மையை அவனிடமிருந்து மறைக்கலாம் என்று அவ்விரிவுரைகள் கூறுகின்றன. உண்மையைக் கோரும் உரிமை தனக்கில்லை என்பதையும், அது தனக்குச் சொல்லப்படாது என்பதையும் கேட்பவன் தானே அறிவான் என்பது காரணம். கடவுச்சொல்லைக் கேட்கும் கள்வனின் நிலை இதனோடு ஒப்பிடத்தக்கது. ஆயின் அங்கேயே கான்ற் மற்றொரு நிலையையும் எடுத்துக்காட்டுகின்றார். என்னை ஏமாற்றிய ஒருவனை நான் திருப்பி ஏமாற்றினேன் எனக் கொள்வோம் என்கிறார் அவர். ஏமாற்றப்பட்டவனுக்கு அதிற் குறைகூற இடமில்லை. அவனுக்கு அநீதி எதுவும் இழைக்கப்படவுமில்லை. எனினும் ஏமாற்றியவன் பொய்யனே, ஏனெனில் அவன் மானுடம் முழுவதுக்கும் உரிய உரிமையொன்றுக்கு மாறாக நடந்துள்ளான்.

இங்கு கான்ற் பிரித்துக் காட்டும் இரண்டு வினாக்களைப் பொதுப்புத்தி ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறது. கள்வனுக்கு முறைப்பட உரிமை உண்டா என்பது ஒன்று. செய்த செயல் சரியா என்பது மற்றொன்று. முதலாவதற்கு ‘இல்லை’ என்ற விடை கிடைத்தவுடன் இரண்டாவதற்கு ‘ஆம்’ என்ற விடை தானே கிடைத்துவிட்டதாக எண்ணுவது தருக்கப் பிழையாகும். சிஸ்ஸெலா பொக் 1978இல் வெளியிட்ட பொய் பற்றிய நூலிற் பொய்யருக்குப் பொய்யுரைத்தல் பற்றித் தனி இயலொன்று உண்டு. அதிலும் இப்பிழையே சுட்டப்படுகின்றது. பொய்யன் முறைப்படும் தகுதியை இழந்தாலும், அவனிடம் சொல்லப்படும் பொய் சொல்பவனையும் சுற்றியுள்ளோரையும் பொதுநம்பிக்கையையும் பாதிக்கும் விளைவுகள் எஞ்சவே செய்கின்றன என்கிறார் அவர். பொய்யொன்றை நியாயப்படுத்த முனைவோர், அந்நியாயத்தை அறிவார்ந்த பொதுமக்கள் முன்னிலையில் வெளிப்படையாக எடுத்துரைக்க வல்லவராதல் வேண்டும் என்பது அவர் விதிக்கும் சோதனை.

தமிழ் மரபிலும் இவ்வினாவுக்குத் தெளிவான இடமுண்டு. குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்ற வள்ளுவர் கருத்து எவரும் அறிந்தது. எதிர்வஞ்சனைக்கு வக்காலத்து வாங்குவோர் இதனைத் தமக்கு வழங்கப்பட்ட அனுமதிச்சீட்டாகக் கொள்வதுண்டு. ஆனால் அக்குறளின் பாரம் முழுவதும் நன்மைக்கு இடப்பட்ட அடைமொழியின் மீதே தங்கியுள்ளது. யாதேனும் ஒரு நன்மை போதாது; குற்றம் நீங்கிய நன்மை வேண்டும். மேலும், வாய்மை என்பதையே பிறர்க்குத் தீமை பயவாத சொல் என வரையறுத்த அதிகாரத்தின் இரண்டாவது குறள் அது. தீமை செய்தவனும் ‘பிறர்’ என்ற சொல்லினுள் அடங்குவான் என்பதை, இன்னா செய்தார்க்கும் நன்மை செய்யச் சொன்ன அதே நூல் ஐயத்துக்கிடமின்றி உணர்த்துகின்றது.

4

எதிர்வஞ்சனை எவ்வாறு நெறிப்பட நடைபெறலாம் என்பதற்குச் சான்றாக ஒரு நூலைக் குறிப்பிடலாம். அமெரிக்க வானியலாளரான கிளிபர்ட் ஸ்டோல் 1989இல் வெளியிட்ட ‘குயிலின் முட்டை’ விளையாட்டுப் பற்றியதன்று. எனினும் கணினிக் கணக்குக் கள்வனொருவனைப் பொய்யால் அகப்படுத்திய கதையை விரிவாகக் கூறும் முன்னோடி நூல் அது. 1986இல் கலிபோர்னியாவிலுள்ள ஆய்வுகூடமொன்றின் கணினிக் கணக்கேட்டில் 75 சதம் குறைந்தது. அதன் காரணத்தைத் தேடிய ஸ்டோல், எவனோ ஒருவன் பிறரது கணக்குகளுள் நுழைந்து இராணுவக் கணினிகளைத் துழாவுவதைக் கண்டார். தொலைபேசித் தடத்தைப் பின்தொடர்வதற்கு அவன் நெடுநேரம் தொடர்பில் இருத்தல் வேண்டியிருந்தது. ஆகவே இல்லாத திணைக்களமொன்றையும் இல்லாத செயலாளரொருவரையும் படைத்து, அவர்கள் பெயரிற் பொய்க் கோப்புகளை நிரப்பி வைத்தார். அவற்றை வாசிப்பதில் ஊடுருவியவன் மூழ்கியிருக்க, மேற்கு ஜேர்மனியின் ஹனோவர் நகர் வரை தடம் சென்றது. திருடப்பட்ட தகவல்கள் சோவியத் உளவுத்துறைக்கு விற்கப்பட்டமை பின்னர் தெரியவந்தது.

நூல் துப்பறியும் கதையின் வடிவிற் செல்வது. வாசகனுக்கு அது தரும் இன்பம் பெரும்பாலும் வேட்டையின் இன்பமே. அந்த அளவில் அதனை ஐயத்தோடு நோக்க இடமுண்டு. பொறியின் சாதுரியத்தை வியந்து மகிழும் வாசகன், பொறி வைத்தலின் நியாயத்தை வினவ மறந்துவிடுகிறான். ஆயினும் நூலின் அறவியற் பெறுமதி வேறிடத்தில் உண்டு. ஸ்டோல் சொன்ன பொய்க்கு ஒரு நோக்கம் இருந்தது. அந்நோக்கம் நிறைவேறியதும் பொய் முடிவுற்றது. அவர் ஒவ்வொரு நிகழ்வையும் நாட்குறிப்பேட்டிற் பதிந்தார். அரச புலனாய்வுத் துறைகளுக்கு அறிவித்தார். பொய்க் கோப்புகள் அவற்றைத் திருட வந்தவனைத் தவிர எவரையும் ஏமாற்றக்கூடிய இடத்தில் வைக்கப்படவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவரையொருவர் நம்பியே இயங்கிவந்த ஆய்வாளர் வலையமைப்பில் அந்நம்பிக்கை சிதைகின்றதே என்ற கவலை நூல் முழுதும் ஊடாடி நிற்கின்றது. பொக் விதித்த சோதனையில் இப்பொய் தேறிவிடுகிறது. அதனைச் சொன்னவர் தாம் செய்ததனைத்தையும் நூலாகவே எழுதி உலகின் முன் வைத்தார் என்பது இதற்குத் தக்க சான்று.

கள்வரை அலைக்கழித்துப் படம்பிடித்து வெளியிடுவோரும் தமது செயலை உலகின் முன் வைக்கின்றனரே என்று இங்கு வினவலாம். வெளியிடுதல் வேறு, நியாயம் உரைத்தல் வேறு. காட்சிப்படுத்துவோன் பார்வையாளரின் சிரிப்பை நாடுகிறான், தீர்ப்பை நாடுவதில்லை. சிரிப்புக்குக் கள்வன் தொடர்ந்து தேவைப்படுகிறான். ஆகவே காப்புப் பொய்க்குக் கள்வன் விலகிச் செல்வது முடிவாக, பொறிப் பொய்க்கு அவன் அகப்படுவது முடிவாக, பழிப் பொய்க்கோ முடிவே இல்லாது போகின்றது. முடிவில்லாத பொய், தற்காப்பு என்ற பெயரைக் கோர முடியாது.

5

இதுவரை கூறியவை கள்வன் யார் என்பது ஐயமறத் தெரிந்த நிலைக்குரியவை. கணக்குத் திருட்டின் தனித்தன்மை, இந்நிலை அங்கு அரிதாகவே கிட்டும் என்பதாகும். கான்றின் பகைவன் கழுத்தைப் பிடித்து நிற்கிறான். அவனது முகம் கண்முன் உள்ளது. கணக்குத் திருடனோ எப்போதும் இன்னொருவனின் முகத்தோடு வருகிறான். அவன் பேசும் கணக்கு, நேற்று வரை வேறொருவனுடையது. அக்கணக்கிலுள்ள பொருள்களும் அவ்வாறே. ஆதலாற் ‘கள்வனின் உடைமையை’ப் பழிப் பொய்யாற் கவர்ந்தவன், உண்மையில் முன்னொரு களவிற் பாதிக்கப்பட்டவனை மறுமுறை கொள்ளையிட்டவனாதல் கூடும். பலர் சேர்ந்து பொய்முறைப்பாடு செய்து கணக்கொன்றை முடக்கும்போது, முடங்குவது அக்கணக்கை மீட்டெடுக்கப் போராடிக்கொண்டிருக்கும் உரியவனின் பெயராகவும் இருக்கலாம். கள்வனோ வேறொரு முகமூடிக்கு மாறிவிடுகிறான்.

அவன் அதற்கே உரியவன் என்ற பொதுப்புத்தியின் விடை தகர்வது இவ்விடத்திலேயே. ‘அவன்’ என்று சுட்டப்படுபவன் யார் என்பதே தெரியாதபோது, அவனுக்கு உரியது இன்னதென வகுப்பது எங்ஙனம்? மானுடம் முழுவதுக்கும் உரிய உரிமை என்று கான்ற் கூறியது பலருக்குப் புலனாகாத அருவக் கருத்தாகத் தோன்றியிருக்கலாம். இணைய விளையாட்டில் அது உருவம் பெறுகின்றது. முகமறியா ஒருவரிடம் சொல்லப்படும் பொய், உண்மையாகவே யாரிடமும் சென்று சேரக்கூடியது.

இதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கின்றது. கள்வனென்று கருதப்பட்டவன் கள்வனல்லன் எனப் பின்னர் தெரியவரின், சொன்ன பொய்யால் அவனுக்கு நேர்ந்த கேடு யாது? இவ்வினாவைத் தாங்கி நிற்கும் பொய்யே தகுந்த பொய். தவறான கடவுச்சொல்லைப் பெற்றவன் உண்மையிலேயே நண்பனாயின், சிறு மனத்தாங்கலுக்கு மேல் அவனுக்கு இழப்பில்லை; விளக்கமளித்துச் சிரித்துவிடலாம். பொறிப் பொய்யிலும், திரட்டிய சான்றுகள் உரிய விசாரணைக்கே செல்லுமாயின் குற்றமற்றவன் விடுபட வழியுண்டு. தீங்குக் கோப்பை அனுப்பியவனுக்கும், பொருளைக் கவர்ந்தவனுக்கும், அவமானத்தைப் பரப்பியவனுக்கும் அவ்வழி இல்லை. விசாரணை, தீர்ப்பு, தண்டனை ஆகிய மூன்றையும் ஒருவனே ஒரே கணத்தில் நிறைவேற்றிவிடும் இடத்தில் மேன்முறையீடு கிடையாது.

6

கள்வன் உண்மையிலேயே கள்வன்தான் என்பது உறுதிப்பட்டாலும் வினா முற்றுப்பெறுவதில்லை. திரைக்கு அப்பாலுள்ள கை யாருடைய விருப்பப்படி இயங்குகின்றது என்பதும் நோக்கற்பாலது. சீனாவின் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்துத் தொழில்முகாமொன்றிற் கைதிகளை இரவிரவாக இணைய விளையாட்டுகளில் ஈடுபடுத்தி, அவர்கள் ஈட்டிய விளையாட்டுப் பொன்னைச் சிறை அலுவலர் விற்றனர் என முன்னாட் கைதியொருவர் கூறியதை 2011இல் ‘கார்டியன்’ பத்திரிகை வெளியிட்டது. அது களவன்று, கட்டாய உழைப்பு. ஆனால் இணைய மோசடியும் அதே பாதையிற் சென்றுள்ளது. மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 100,000 பேரும் முகாம்களில் அடைக்கப்பட்டு இணைய மோசடியில் ஈடுபடக் கட்டாயப்படுத்தப்படலாம் என ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023இல் மதிப்பிட்டது. சித்திரவதை நிகழ்வதாகவும் அவ்வறிக்கை கூறியது. தொழில் தருவதாக நம்பி மியன்மாரின் மியாவடிப் பகுதியில் அகப்பட்ட இலங்கை இளைஞர் சிலர் 2024இல் மீட்கப்பட்டமை இந்நாட்டிலும் செய்தியாக வெளிவந்தது.

விளையாட்டுக் கணக்கைத் திருடும் ஒவ்வொருவனும் இத்தகைய கைதி என்று கூறுதல் மிகையாகும். அவர்களுட் பேராசைக்காரரும் உளர், விளையாட்டாய்த் தவறிழைக்கும் சிறுவரும் உளர். நெதர்லாந்து வழக்கின் எதிரிகளே பதின்பருவத்தினர்தாம். அதுவே கருத்திற் கொள்ளத்தக்கது. ஒரு சொல்லாற் ‘கள்வர்’ எனச் சுட்டப்படுவோருள் கொடியவனும் குழந்தையும் அடிமையும் கலந்திருக்கின்றனர். காப்புப் பொய் இம்மூவரையும் ஒரே விதமாகத் தடுத்து நிறுத்துகின்றது. மூவருக்கும் அதற்கு மேல் எதுவும் செய்வதில்லை. பழிப் பொய்யோ மூவரையும் கொடியவனாகவே கொண்டு தண்டிக்கின்றது. கள்வனின் நேரத்தை வீணாக்குவதாற் பிறர் காக்கப்படுகின்றனர் என்ற வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அந்நேரத்துக்கு விலை கொடுப்பவன் முகாமின் உரிமையாளனல்லன் என்பதையும் அவ்வாதம் கணக்கிற் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

தனிமனித அறம் பற்றி மட்டும் பேசி இப்பொருளை முடித்துவிடுதல் முறையாகாது. விளையாடுவோன் காவலனாகவும் நீதவானாகவும் மாறுவது ஏன்? பெரும்பாலான விளையாட்டு நிறுவனங்களின் ஒப்பந்தங்களின்படி, கணக்கும் அதிலுள்ள பொருளும் நிறுவனத்துக்குரியவை. விளையாடுவோனுக்குக் கிடைப்பது பயன்படுத்தும் அனுமதி மட்டுமே. இலாபத்தின்போது உடைமையாளராக நிற்கும் நிறுவனம், களவின்போது பெரும்பாலும் பாதிக்கப்பட்டவனின் கவனக்குறைவையே சுட்டிக்காட்டுகின்றது. களவுபோன பொருள்களுக்கு ஈடாக ஒருகாலத்திற் படிகளை உருவாக்கிக் கொடுத்த வால்வ் நிறுவனம், அதனால் ஏனையோரின் பொருள்கள் பெறுமதி குன்றுவதைக் காரணங்காட்டி அம்முறையைக் கைவிட்டது. அதே நிறுவனம் பொருள்மாற்றங்களைச் சில நாட்கள் தாமதப்படுத்தியும், கைத்தொலைபேசி வழியே உறுதிப்படுத்தலை வேண்டியும் 2015இற் கொண்டுவந்த ஏற்பாடுகள், எத்தனையோ எதிர்வஞ்சனைகள் சாதிக்க முடியாததைப் பொய்யின்றியே சாதிக்கவல்லவை. கதவுக்குத் தாழ் இடப்படாத வீட்டிலேதான் குடியிருப்போன் கள்வனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்க நேர்கின்றது.

சுருங்கக் கூறின், கள்வனுக்குச் சொல்லும் பொய், தடுப்பதற்குச் சொல்லப்படும் வரை நியாயமுடையது. தண்டிப்பதற்குச் சொல்லப்படும்போது நியாயமிழக்கின்றது. கள்வன் தகுதி பெற்றான் என்பதாலன்று, உண்மையைத் தரும் கடப்பாடு அங்கு எழவில்லை என்பதாலேயே முதலாவது பொறுக்கத்தக்கது. கணக்குத் திருடன் கவர்வது தாயத்தையும் பொன்னையும் மட்டுமல்ல. முகமறியா ஒருவரோடு அச்சமின்றி உரையாடலாம் என்ற பொதுநம்பிக்கையையும் அவன் சிறிது சிறிதாகக் கவர்ந்து செல்கிறான். பழிப் பொய் சொல்பவன் தாயத்தை மீட்டுவிடலாம். அப்பொதுநம்பிக்கையிலிருந்து எடுத்துச் செல்லும் அளவைப் பொறுத்தவரை, அவன் கள்வனின் பக்கத்திலேயே நிற்கிறான்.